ஒரே ஊர், சுற்றிலும் காடு: மெடீவல் 2இல் ரஷ்யாவாக ஆடலாமா?

9 ஜனவரி, இரவு 10.12 (ஒரு வாசகரின் கேள்வி)

அண்ணா, மெடீவல் 2 டோட்டல் வார் என்ற கணினிப் போர் ஆட்டத்தில் இங்கிலாந்து, பிரான்ஸ் இரண்டையும் முடித்துவிட்டேன். அடுத்து ரஷ்யா எடுக்கலாம் என்று பார்த்தால் கையில் நோவ்கோரோட் ஒன்றே ஒன்றுதான். காலாட்படை சுத்த வீண். நூறு வருஷம் கஷ்டப்பட்டு ஊர்களைப் பிடித்தால் மங்கோலியர் வந்து துடைத்துவிட்டுப் போகிறார்கள். இந்த ஆட்டத்திலேயே மோசமான தரப்பு ரஷ்யாதான் என்பது என் முடிவு. இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

9 ஜனவரி, இரவு 11.05

இல்லை என்கிறேன், முழு மனதோடு. ஆட்டம் 2006இல் வந்ததிலிருந்து ஆடிக்கொண்டிருக்கிறேன். ரஷ்யாவாக மட்டும் எட்டு முறை தொடங்கியிருக்கிறேன், மூன்று முறை கடைசி வரை போயிருக்கிறேன்.

ஒரே ஊர் என்பதைக் குறையாகப் பார்க்கிறீர்கள். அந்த ஊரைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள் தம்பி. ஸ்மோலென்ஸ்க், மாஸ்கோ, ரியாசான், ரிகா, ஹெல்சின்கி, வில்னியஸ், கீவ், பல்கர், சர்கெல் எல்லாமே கிளர்ச்சியாளர் கையில் இருக்கும் சாம்பல் நிற ஊர்கள். இங்கிலாந்தாக ஆடும்போது பத்தாவது டர்னிலேயே (ஒரு டர்ன் என்றால் நம் முறை ஒன்று) பிரான்ஸ் வாசலில் நிற்கும், போப்பாண்டவர் கண்டிப்பார், ஸ்காட்லாந்துக்காரன் வடக்கே குத்துவான். இங்கே முதல் இருபது டர்னுக்கு உங்கள் பக்கம் எவனும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ரஷ்யா ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத் தரப்பு என்பதால் போப்பின் தொல்லையும் கிடையாது.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓட்டம். முதல் டர்னிலேயே படையை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று தெற்கே ஸ்மோலென்ஸ்க், ஒன்று கிழக்கே மாஸ்கோ. அங்கே பத்து பேரைக் காவலுக்கு விட்டுவிட்டு மிச்சப் படை நடந்துகொண்டே இருக்க வேண்டும். கீவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். போலந்தும் ஹங்கேரியும் அதன்மேல் கண் வைத்திருக்கும். நான் ஒருமுறை ஹெல்சின்கியை முதலில் பிடித்துவிட்டுக் கீவுக்கு வந்தபோது ஹங்கேரிக் கொடி பறந்துகொண்டிருந்தது. அந்த ஆட்டம் முழுக்க அந்த ஒரு ஊருக்காக அழுதேன்.

காசுக்கு: தூதரை மேற்கே அனுப்பி, பார்க்கும் ஒவ்வொரு நாட்டிடமும் வணிக உரிமை வாங்குங்கள், வரைபடத் தகவலை விற்றுவிடுங்கள். உங்கள் பக்கத்து வரைபடம் அவர்களிடம் இருக்காது, நல்ல விலைக்கு எடுப்பார்கள்.

9 ஜனவரி, இரவு 11.41

மேலே விட்டுப்போனது. ரஷ்யா முதல் பட்டியலில் வராதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், தொடக்கத்தில் இங்கிலாந்து, பிரான்ஸ், புனித ரோமப் பேரரசு, ஸ்பெயின், வெனிஸ் ஐந்துதான் திறந்திருக்கும். மற்றவை ஆடி ஜெயித்தால் திறக்கும். பொறுமை இல்லையென்றால் descr_strat என்ற உரைக் கோப்பில் பூட்டிய தரப்புகளின் பெயரை எடுத்து ஆடக்கூடிய தரப்புகளின் பட்டியலில் ஒட்டுங்கள். கோப்பை ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு ஒட்டுங்கள்.

10 ஜனவரி, காலை 7.20

காலாட்படை விஷயம். நேற்று இரவு தூக்கக் கலக்கத்தில் அதற்குப் பதில் சொல்லாமல் விட்டேன்.

ஆரம்பத்தில் காலாட்படை பலவீனம் என்பது உண்மைதான், மறைக்க வேண்டாம். ஈட்டி மிலிஷியா (ஊர்க்காவல் ஈட்டிக்காரர்), விவசாய வில்லாளர், கோடரி ஏந்திய வுட்ஸ்மென். வுட்ஸ்மென் இருக்கிறார்களே, அவர்கள் எனக்குப் பிடித்த ஆட்கள். கவசம் என்று ஒன்றும் கிடையாது, ஒரு அம்பு மழை வந்தால் சரிந்துவிடுவார்கள். ஆனால் எதிரி வேறொருவனோடு மல்லுக்கட்டும்போது பக்கவாட்டில் விட்டால் இரண்டு கையாலும் கோடரியைச் சுழற்றி வரிசையையே திறந்துவிடுவார்கள். அவர்களை முதலில் அனுப்பாதீர்கள், இரண்டாவதாக அனுப்புங்கள். அவ்வளவுதான் சூட்சுமம்.

இந்தத் தரப்பின் உயிர் குதிரையில் இருக்கிறது. போயார் புத்திரர்கள் என்ற குதிரைப்படை (பிரபு வீட்டுப் பிள்ளைகள்) எறியீட்டியோடு வருவார்கள். எறிந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி எறிய வேண்டும். முட்டவிடக்கூடாது. கசாக் வில் குதிரைக்காரர்கள் வட்டம் சுற்றிக்கொண்டே எய்வார்கள். துருஷினா என்ற கவசக் குதிரைப்படை வந்தபிறகுதான் முட்டும் குதிரை.

துருஷினாவை வைத்து நான் செய்த தப்பைச் சொல்கிறேன். முதல் ஆட்டம், கீவுக்குத் தெற்கே ஒரு சமவெளி. எதிரியின் வில் குதிரைகள் சிதறி ஓடுவதைப் பார்த்தேன். நான்கு துருஷினா யூனிட்டையும் துரத்தவிட்டேன். அவர்கள் ஓடவில்லை, இழுத்தார்கள். மேப்பின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போனார்கள். என் குதிரைகள் களைத்துப்போய் நடக்க ஆரம்பித்தபோது அவர்கள் திரும்பி நின்று எய்தார்கள். இருநூற்று நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் திரும்பினார்கள். தளபதிக்கு வயது 22, அவன் திரும்பவில்லை.

வில் குதிரையைத் துரத்தாதீர்கள் தம்பி. சுவரோரம் தள்ளிக்கொண்டு போய் மாட்டவையுங்கள், அல்லது நீங்களும் எய்யுங்கள்.

10 ஜனவரி, மதியம் 1.15

சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். ரஷ்யர் என்றால் குதிரைதான், நடந்து போரிடத் தெரியாது என்ற அர்த்தத்தில் காலையில் எழுதிவிட்டேன். ஆட்டத்துக்கு அது சரி. நோவ்கோரோட்டுக்கு அது அநியாயம்.

1216இல் லிபிட்சா என்ற இடத்தில் சண்டை. அண்ணன் தம்பிக்குள் விளாதிமிர் நகரத்தின் அரியணைச் சண்டை, அதற்குள் நோவ்கோரோட்டின் சண்டையும் கலந்தது. நோவ்கோரோட் ஆட்களிடம் குதிரையில் போரிடுகிறீர்களா என்று கேட்டபோது, குதிரைமேல் சாக விருப்பமில்லை, எங்கள் அப்பன்மார் போல நடந்தே போரிடுகிறோம் என்றார்களாம். இறங்கி, காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடி மோதினார்கள், ஜெயித்தார்கள். அவர்களுடைய ஆண்டுக்குறிப்பேட்டில் இருக்கிறது இது. வுட்ஸ்மென்னை அனுப்பும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த வெறுங்கால்கள்தான் ஞாபகம் வரும்.

12 ஜனவரி, இரவு 9.50

மங்கோலியர். எல்லோரும் கேட்பது இதைத்தான்.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வருவார்கள். முன்கூட்டியே ஒரு எச்சரிக்கைச் செய்தி வரும். பிறகு ஒரு டர்னில் கிழக்கு ஓரத்தில் ஒரேயடியாகப் பல முழு ஸ்டாக்குகள் (படைத்தொகுதிகள்) நிற்கும். ஒரு ஸ்டாக்குக்கு இருபது யூனிட். அவர்களுக்கு ஊர் கிடையாது, ஊர் தேடி வருகிறார்கள். தளபதிகள் எல்லாம் நட்சத்திரம் நட்சத்திரமாக வைத்திருப்பவர்கள்.

இதற்கு நான் கண்ட மருந்து பாலம்.

ரியாசான் எல்லையில் ஒரு ஆற்றுப்பாலம். 67ஆவது டர்ன், அதாவது 1212 (ஆட்டம் 1080இல் தொடங்கும், ஒரு டர்னுக்கு இரண்டு வருஷம்). என்னிடம் முக்கால் ஸ்டாக். பாலத்தின் வாயில் மூன்று ஈட்டி மிலிஷியாவைப் பிறை வடிவில் நிறுத்தி, இடத்தை விட்டு நகராமல் நிற்கச் சொல்லும் கார்டு மோட் போட்டேன். அதைப் போடாவிட்டால் ஆர்வக்கோளாறில் பாலத்துக்குள் இறங்கிவிடுவார்கள், கதை முடிந்துவிடும். பிறையின் இரண்டு முனையிலும் வுட்ஸ்மென். பின்னால் வில்லாளர் ஐந்து யூனிட். தளபதியை வெகு தூரத்தில், மரங்களுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினேன்.

அவர்களுடைய முதல் குதிரை யூனிட் பாலத்தில் ஏறியதும் அடுத்தது அதன் முதுகில் முட்டியது, அதற்கடுத்தது அதன் முதுகில். மேலிருந்து கேமராவில் பார்த்தால் பலகையே தெரியவில்லை, குதிரை முதுகுகள்தான். வில் குதிரையின் பலமே விலகி ஓடுவது. பாலத்தில் விலக இடமில்லை. வில்லாளருக்குத் தீ அம்பு கொடுத்தேன். பிறையின் நடுவில் இருந்த யூனிட் ஒன்பது பேராகக் குறைந்தது, ஆனால் அந்த ஒன்பது பேரும் நகரவில்லை. அவர்களுடைய தளபதியே பாலத்தில் ஏறினான். அவன் விழுந்த செய்தி திரையில் வந்ததும் வெள்ளைக் கொடிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பாலத்திலிருந்து பின்னோக்கி ஓடவும் இடமில்லை.

என் அறையில் எழுந்து நின்று கத்தினேன். பக்கத்து அறையில் அம்மா விழித்துக்கொண்டு என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

மூன்று டர்னில் மூன்று முறை அதே பாலத்தில் வந்தார்கள். மூன்று முறையும் அதே முடிவு.

12 ஜனவரி, இரவு 10.30

திருத்தம். கிழக்கு ஓரம் என்றேன், எப்போதும் ரியாசான் பக்கம்தான் வருவார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில ஆட்டங்களில் தெற்கே காகசஸ், பாக்தாத் பக்கம் இறங்கி துருக்கியர்மேல் பாய்ந்திருக்கிறார்கள். அதனால் காவல் கோபுரம் கட்டுங்கள். தளபதி ஒருவரை அனுப்பி 200 ஃப்ளோரினுக்கு (ஆட்டத்தின் காசு) ஒரு கோபுரம். பல்கருக்குக் கிழக்கே இரண்டு, சர்கெல் பக்கம் ஒன்று. ஒரு டர்ன் முன்னால் தெரிந்தாலே பெரிய விஷயம்.

14 ஜனவரி, இரவு 12.20

தூக்கம் வரவில்லை. பாலத்தைப் பற்றி எழுதியதை மறுபடி படித்தேன், ஒரு விஷயம் நெருடுகிறது.

அந்தச் சண்டை நடந்தது குளிர்கால டர்ன். அந்த ஆட்டத்தின் சேவ் கோப்பைத் திறந்து பார்த்தேன், மேப் முழுக்க வெள்ளை. ஆற்றங்கரையில் பனி கொட்டிக் கிடக்கிறது. நடுவில் ஆறு மட்டும் நீலமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த ஊரில் டிசம்பரில் ஆறு எப்படி ஓடும்?

மங்கோலியத் தலைவர் பட்டுகான் உண்மையில் வந்த கதையைப் பாருங்கள். ரியாசான் 1237 டிசம்பர், ஆறு நாள் முற்றுகையில் விழுந்தது. ஜனவரியில் மாஸ்கோ. பிப்ரவரி 7ஆம் தேதி விளாதிமிர். மார்ச் 4ஆம் தேதி சீத் ஆற்றங்கரையில் விளாதிமிரின் பெரிய இளவரசர் யூரி கொல்லப்பட்டார். எல்லாமே குளிர்காலம். அவர்கள் வேண்டுமென்றே குளிரில் வந்தார்கள். கோடையில் அந்த நாடு காடும் சதுப்பும். குளிரில் ஒவ்வொரு ஆறும் ஒரு நெடுஞ்சாலை. ஊர்கள் எல்லாம் ஆற்றங்கரையில், சாலை நேராக ஊர் வாசலுக்கே போகிறது. பாலத்தைத் தேட வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை.

அப்படியானால் என் ஒன்பது பேர்? மங்கோலியர் பாலத்துக்கு ஐம்பது அடி தள்ளிப் பனிக்கட்டி மேல் சுற்றிக்கொண்டு வந்து பின்னால் நின்றிருப்பார்கள்.

நாம் எல்லோரும் ரஷ்யா என்றால் குளிர் அவர்களைக் காப்பாற்றும் என்றே நினைத்துக்கொள்கிறோம். நெப்போலியன் கதை மனதில் ஊறிவிட்டது. 1238இல் குளிர் மங்கோலியர் பக்கம் நின்றது. நோவ்கோரோட்டைக் காப்பாற்றியது சேறு என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். டோர்ஷோக் என்ற சின்ன ஊர் இரண்டு வாரம் தாக்குப்பிடித்து மார்ச் தொடக்கத்தில் விழுந்தது. அங்கிருந்து நோவ்கோரோட் நோக்கிப் போனவர்கள் இக்னாச் சிலுவை என்ற இடம் வரை போய், ஊர் ஏறக்குறைய 100 வெர்ஸ்ட் (கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர்) இருக்கும்போது திரும்பினார்கள். படையும் களைத்திருந்தது, பனி உருகும் பருவமும் வந்துவிட்டது. அந்த இரண்டு வாரத்துக்கு என்ன மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

மெடீவல் 2இல் குளிர் என்பது ஒரு நிறம் மட்டுமே. திறந்த வெளியில் படையை நிறுத்தினால் ஆள் சாவதும் இல்லை, ஆறு உறைவதும் இல்லை. இவ்வளவு வருஷம் ஆடியும் இது எனக்கு உறைக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

15 ஜனவரி, மாலை 6.40

ஒருவர் கேட்டிருக்கிறார்: "1480இல் உக்ரா ஆற்றில் மூன்றாம் இவான் ஆற்றை வைத்துத்தானே ஜெயித்தார், அப்போது ஆறு எப்படிப் பயன்பட்டது?"

நல்ல கேள்வி, பதில் என் பக்கம்தான் நிற்கிறது. அக்டோபரில் ஆறு உறையாதவரை மாஸ்கோவை ஆண்ட இவானின் படை துறைகளைக் காவல் காத்தது, மங்கோலிய வழிவந்த அகமது கானின் படையால் கடக்க முடியவில்லை. மாதக் கடைசியில் ஆறு உறையத் தொடங்கியதும் இவான் என்ன செய்தார்? படையை ஆற்றங்கரையிலிருந்து பின்னால் இழுத்துக்கொண்டார். உறைந்த ஆறு காவல் இல்லை என்று அவருக்குத் தெரியும். அகமது கானும் கடந்து வராமல் நவம்பரில் திரும்பிப் போய்விட்டார்.

இதோடு, முந்தாநாள் வேறொருவருக்குத் தனியாக எழுதிய பதிலில் "உக்ரா போரில் மங்கோலியர் தோற்றார்கள்" என்று எழுதிவிட்டேன். பெரிய போர் எதுவும் நடக்கவில்லை. இருபுறமும் நின்றார்கள், எய்தார்கள், திரும்பினார்கள். அவரும் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன், திருத்திக்கொள்ளுங்கள்.

18 ஜனவரி, இரவு 9.15

விவாதம் ரஷ்யா என்ற பெயர்மேல் போய்விட்டது. சரி, நானும் போகிறேன்.

1080இல் "ரஷ்யா" என்று ஒரு நாடு கிடையாது. ரூஸ் நாடு, அதன் தலைமைப் பீடம் கீவ். 1080இல் அங்கே விசேவொலோத் யாரொஸ்லாவிச் ஆண்டுகொண்டிருந்தார். அந்தக் கீவை ஆட்டம் கிளர்ச்சியாளர் ஊர் என்று சாம்பல் பூசி வைத்திருக்கிறது. சோஃபியா பேராலயம் கட்டி முடித்து எத்தனையோ வருஷமான தலைநகரத்துக்குள் நான்கு கிளர்ச்சி யூனிட் உட்கார்ந்திருக்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அதே 1080இல் மாஸ்கோ மேப்பில் இருக்கிறது. மாஸ்கோவின் பெயர் குறிப்பேடுகளில் முதலில் வருவதே 1147இல்தான்.

மேப்பை நிரப்ப வேறு வழி ஆட்டத்தைச் செய்தவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. ரூஸ் என்பது ஒரே குடும்பத்தின் பல இளவரசர்கள் ஊர் ஊராக ஆண்டு, அடித்துக்கொண்டு, சேர்ந்து இருந்த நாடு. இந்த ஆட்டத்தில் ஒரு தரப்புக்கு ஒரு நிறம்தான். ரசிகர்கள் செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்ற மாற்றுப் பதிப்பில் நோவ்கோரோட்டையும் கீவ் ரூஸையும் தனித்தனித் தரப்பாகப் பிரித்திருக்கிறார்கள், அது எவ்வளவோ மேல். 2007இல் வந்த கிங்டம்ஸ் விரிவாக்கத்தின் டியூட்டானிக் கேம்பெயினிலும் நோவ்கோரோட் தனியாக வரும்.

ஆனால் இதில் எதிலும் தானியம் கிடையாது. அதுதான் நோவ்கோரோட்டின் உண்மையான பலவீனம். அந்த நிலம் குளிர்ந்த சதுப்பு நிலம், சோறு போடாது. அணில் தோலும் மெழுகும் ஜெர்மன் வணிகரிடம் போகும், தானியம் தெற்கே விளாதிமிர் பக்கத்திலிருந்து வரும். வழியில் இருப்பது டோர்ஷோக். அந்த ஒரு ஊரை மூடினால் நோவ்கோரோட் பட்டினி. 1215இல் இளவரசர் யாரொஸ்லாவ் அதைத்தான் செய்தார், ஒரு வண்டி தானியத்தைக்கூட விடவில்லை. மக்கள் பைன் மரப்பட்டையையும் லிண்டன் இலையையும் பாசியையும் தின்றார்கள் என்று குறிப்பேடு சொல்கிறது. நான் முன்பு சொன்ன வெறுங்கால் சண்டை அடுத்த வருஷமே அவருக்கு எதிராக நடந்தது. காரணம் இப்போது புரிகிறதா? பட்டினி கிடந்த ஊர் அது.

அந்த யாரொஸ்லாவின் மகன்தான் அலெக்சாண்டர் நெவ்ஸ்கி. அப்பா பட்டினி போட்ட ஊரை மகன் 1242இல் பெய்பஸ் ஏரிப் பனிமேல் நின்று காத்தார்.

18 ஜனவரி, இரவு 9.32

அந்த ஏரியில் பனி உடைந்து வீரர்கள் மூழ்கினார்கள் என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: நோவ்கோரோட்டின் பழைய குறிப்பேட்டில் அது இல்லை. பனிமேல் துரத்தினார்கள் என்று மட்டுமே இருக்கிறது.

19 ஜனவரி, காலை 8.05

ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. ஆனால் இந்தத் தரப்பை நான் விடாமல் ஆடுவதற்குக் காரணம் இதுதான்.

நோவ்கோரோட்டில் பிர்ச் மரப்பட்டையில் கீறி எழுதிய கடிதங்கள் மண்ணுக்கடியிலிருந்து கிடைக்கின்றன. முதலாவது 1951 ஜூலையில் கிடைத்தது, இப்போது ஆயிரத்துக்கும் மேல். கடன், வழக்கு, கல்யாணம், வீட்டுச் சாமான். அவற்றில் ஓன்ஃபிம் என்ற சின்னப் பையனுடையவையும் இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டு. ஆறேழு வயது இருக்கும் என்கிறார்கள். எழுத்துப் பயிற்சி செய்கிறான். ஒரு பட்டையில் எழுத்துகளை வரிசையாக எழுதத் தொடங்கி, பாதியில் சலித்துப்போய், மிச்ச இடத்தில் படம் போட்டுவிட்டான். குதிரைமேல் ஒருவன், கையில் ஈட்டி, கீழே விழுந்து கிடக்கிற எதிரியைக் குத்துகிறான். பக்கத்தில் "ஓன்ஃபிம்" என்று பெயர். அந்த வீரன் அவனேதான்.

கை விரல்களைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. ஓன்ஃபிம் போடும் மனிதர்களுக்கு விரல்களின் எண்ணிக்கை கைக்குக் கை மாறும். குதிரை மட்டும் நிதானமாக நிற்கிறது.

மங்கோலியர் வந்து திரும்பிய தலைமுறையின் குழந்தை அவன். டோர்ஷோக் இரண்டு வாரம் நிற்காமல் போயிருந்தால் அந்தப் பட்டை இருந்திருக்குமா? போர் ஆட்டம் ஆடுகிற எனக்கு, எழுநூறு வருஷத்துக்கு முன்னால் பாடத்தை விட்டுவிட்டுப் போர் ஆட்டம் ஆடிய ஒரு பையன் கிடைத்திருக்கிறான்.

என் துருஷினா தளபதிக்கு இப்போது ஓன்ஃபிம் என்றுதான் மனதுக்குள் பெயர்.

21 ஜனவரி, இரவு 10.00

சின்னத் தகவல். பழைய டிஸ்க் வைத்து ஆடுபவர்கள் கட்டாயம் அப்டேட் போடுங்கள். முதல் பதிப்பில் கேடயம் வைத்திருப்பவனுக்குக் கேடயமே எதிராக வேலை செய்யும் ஒரு பிழை இருந்தது. "ஈட்டி மிலிஷியா நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று புலம்புபவர்களில் பாதிப் பேர் அதில்தான் மாட்டியிருப்பீர்கள். போனில் ஆடுபவர்களுக்குக் கவலை இல்லை, 2022இல் வந்த போன் பதிப்பில் அது கிடையாது.

26 ஜனவரி, இரவு 11.30

புதிதாகத் தொடங்கியிருக்கிறேன், வீட்டு விதிகளோடு. மேப்பில் பனி இருக்கும் டர்னில் பாலத்துச் சண்டை கிடையாது. அந்த டர்ன் தொடங்கும்போது ஆற்றங்கரையில் படை இருந்தால் விலக்கிவிட வேண்டும். குளிர்கால டர்னில் படை சுவருக்குள் இருக்க வேண்டும், வெளியே நின்றால் ஒரு யூனிட்டைக் கலைத்துவிட வேண்டும்.

முதல் அறுபது டர்ன் வழக்கம்போல. கீவ் பன்னிரண்டாவது டர்னில் என் கையில். காசு பரவாயில்லை. ரிகாவில் கத்தோலிக்கப் பாதிரிகள் நுழைந்துகொண்டே இருக்கிறார்கள், என் பாதிரி தனி ஆளாக மல்லுக்கட்டுகிறார்.

அப்புறம் மங்கோலியர். 68ஆவது டர்னில் ரியாசானுக்குக் கிழக்கே ஏழு ஸ்டாக். நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தேன்: பல்கரையும் சர்கெலையும் பிடித்துவைக்கப் போராட வேண்டாம். அங்கிருந்த கட்டடங்களை இடித்துக் காசாக்கி, காவலை மேற்கே நடத்திவிட்டேன். ரியாசானில் நின்று நேரம் வாங்குவது, மாஸ்கோவில் கல் சுவர், விளையாட்டு அங்கே என்று திட்டம்.

ரியாசானில் நான் வைத்திருந்த தளபதி விசுவாசம் குறைந்தவன். தெரிந்தும் வைத்தேன், பக்கத்தில் வேறு ஆள் இல்லை. 69ஆவது டர்ன் தொடங்கியதும் செய்தி: அவன் படையோடு கிளர்ச்சி செய்துவிட்டான். ரியாசான் சாம்பல் நிறம். அடுத்த டர்னில் மங்கோலியர் அவனை விழுங்கினார்கள்.

1237இல் ரியாசான் உதவி கேட்டபோது விளாதிமிரிலிருந்து யூரி வரவில்லை. இந்தமுறை மேப்பில் வேறு மாதிரி நடந்தது, ஆனால் முடிவு ஒன்றுதான். கண்ணுக்கு முன்னால் ஊர் போவதைப் பார்த்துக்கொண்டு மாஸ்கோ சுவருக்குள் உட்கார்ந்திருந்தேன். பழைய சேவ் கோப்பை மறுபடி லோடு செய்யவில்லை.

27 ஜனவரி, மதியம் 2.10

ஏன் லோடு செய்யவில்லை என்று இருவர் கேட்கிறார்கள். செய்தால் வீட்டு விதிக்கு என்ன அர்த்தம்? ஆட்டத்தின் வருஷக் கணக்கு எப்படி ஓடினாலும் தளபதிகளுக்கு இரண்டு டர்னுக்கு ஒரு வயதுதான் ஏறும், ஆகவே அவன் இன்னும் நாற்பது டர்ன் என்னோடு இருந்திருப்பான். இருந்தும் போனான். போகட்டும்.

தம்பி, உங்களுக்கு: விசுவாசம் குறைந்தவனை எல்லையில் வைக்காதீர்கள். தலைநகரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், பெரிய படை கொடுக்காதீர்கள்.

2 பிப்ரவரி, இரவு 11.55

மாஸ்கோ விழுந்துவிட்டது. கல் சுவர் முடிய ஒரு டர்ன் பாக்கி இருந்தது. மரச் சுவருக்குள் நின்றோம். தெருமுனையில் ஈட்டி, பின்னால் வில், சதுக்கத்தில் தளபதி. இரண்டு ஸ்டாக்கை முக்கால்வாசி அழித்தோம், மூன்றாவது உள்ளே வந்துவிட்டது. வுட்ஸ்மென் கடைசி வரை சதுக்கத்தில் நின்றார்கள்.

இப்போது அவர்களில் ஒரு ஸ்டாக் நோவ்கோரோட் சாலையில் ஏறியிருக்கிறது. எனக்கு முன்பே ஒரு யோசனை இருந்தது. மாஸ்கோவுக்கும் நோவ்கோரோட்டுக்கும் நடுவில், காட்டுக்குள் சாலை ஒடுங்கும் இடத்தில் 500 ஃப்ளோரினுக்கு ஒரு கோட்டை கட்டினேன். ஆட்டத்தின் மேப்பில் டோர்ஷோக் கிடையாது. நான் மனதில் அதற்கு டோர்ஷோக் என்றுதான் பெயர் வைத்திருக்கிறேன். உள்ளே இரண்டு வுட்ஸ்மென், ஒரு விவசாய வில்லாளர், போயார் புத்திரர் ஒரு யூனிட், அதில் இருபது பேர்தான் மிச்சம்.

போன டர்னில் கோட்டையை முற்றுகையிட்டார்கள். நேற்று இரவு தாக்கினார்கள். வாயிற்கதவு உடைந்தது. உள்ளே இடம் குறுகல் என்பதால் குதிரையை வைத்துக்கொண்டு அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாசலுக்கு இரண்டு பக்கமும் கோடரிக்காரர்களை நிறுத்தியிருந்தேன். பதினெட்டு நிமிஷம். பின்வாங்கிப் போனார்கள், ஆனால் முற்றுகை இன்னும் நிற்கிறது, அவர்களுக்குப் பின்னால் இன்னொரு ஸ்டாக் வந்து சேர்ந்திருக்கிறது.

கோட்டையில் இப்போது 41 பேர். நோவ்கோரோட்டில் கல் சுவருக்கு இரண்டு டர்ன் பாக்கி, முதல் துருஷினா யூனிட் பயிற்சியில் இருக்கிறது. அடுத்த டர்ன் கோடை, மேப்பில் பனி போய்விடும், பாலங்கள் மறுபடி எனக்குக் கிடைக்கும். கோட்டைக்கு வடக்கே ஒரு பாலம் இருக்கிறது. இன்றைக்கு எண்ட் டர்ன் அழுத்தவில்லை. சேவ் போட்டுவிட்டுப் படுக்கிறேன், நாளை இரவு சொல்கிறேன்.